அடைக்கலப் பொருள்: சாவி யார் கையில்?



சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய வழக்கு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1938-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் இருக்கிறது; காளியபெருமாள் பிள்ளை எதிர் விசாலாட்சி என்று பெயர். ஒரு பெண்மணி தம் பழைய நகைகளை உருக்கிப் புது நகை செய்யச் சொல்லிப் பொற்கொல்லர் ஒருவரிடம் கொடுத்தார். மாலையில் அன்றைய வேலை முடிந்ததும், அரைகுறையாக நிற்கும் நகைகளைத் தினமும் திரும்ப வாங்கி ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டுவார். பெட்டி பொற்கொல்லர் வீட்டு அறையிலேயே இருக்கும். சாவி அம்மையாரோடு போய்விடும். ஓர் இரவு நகை களவு போயிற்று.

களவு நடந்த வீடு பொற்கொல்லருடையது. ஆகவே அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நம்மில் பலர் சொல்வோம். நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. மாலைதோறும் நகையை வாங்கிப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டபோதே பொருள் உரியவரிடம் திரும்பிவிட்டது. பொற்கொல்லருக்குப் பகலில் இருந்த பொறுப்பு மாலையில் தீர்ந்துவிட்டது. இரவில் நேர்ந்த இழப்பு நகைக்கு உரியவரையே சேரும் என்று தீர்ப்பாயிற்று. பெட்டி யார் வீட்டில் கிடந்தது என்று நீதிமன்றம் பார்க்கவில்லை. அதைத் திறக்கும் ஆளுகை யாருக்கு இருந்தது என்று பார்த்தது.

இந்த வழக்கைக் காரைக்குடியில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீடுகள். வளவைச் சுற்றி இரட்டை அறைகள். கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒன்று. மரவை, வெண்கலம், இனாமல் பாத்திரம், வெள்ளி எல்லாம் அந்தந்தப் புள்ளியின், அதாவது மணமான ஒவ்வொரு மகன் குடும்பத்தின், அறைக்குள் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் சென்னை, கோவை, கோலாலம்பூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று போய்விட்டார்கள். முகப்புச் சாவி, ஊரில் தங்கிவிட்ட ஒரு பங்காளியிடமோ காவல் பார்க்கும் ஒருவரிடமோ இருக்கிறது. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வீடு திறக்கிறது, பிறகு பூட்டப்படுகிறது. உள்ளே இருப்பவற்றில் பெரும்பகுதி, சாவி வைத்திருப்பவருக்குச் சொந்தமில்லாத பொருள்.

பேரேடும் குறிப்பேடும் எழுதுவதில் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் பெயர் எடுத்த ஊர் நம்முடையது. ஆனால் கடையில் ஒரு ரூபாய்க்கும் பற்று வரவு எழுதிய அதே கை, வீட்டில் ஐம்பது பவுனை வாய்ச்சொல்லில் கொடுத்தது, வாய்ச்சொல்லில் வாங்கிக்கொண்டது. சொந்தக்காரர்களிடம் சீட்டு கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தோம். இந்த நினைப்பினால் உடைந்த குடும்பங்களை உரிமையியல் நீதிமன்ற வராந்தாக்களில் பார்த்துப் பார்த்துத்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 148-ஆம் பிரிவு முதல் 181 வரை இதற்கென்றே ஓர் அத்தியாயம். ஒரு காரியத்துக்காகப் பொருளைக் கொடுத்து, காரியம் முடிந்ததும் அதையே திருப்பித் தர வேண்டும் என்ற உடன்பாடு இருந்தால் அது அடைக்கலப் பொருள். முத்திரைத்தாள் வேண்டாம், சாட்சி வேண்டாம், கூலியும் வேண்டாம். 'இதைக் கொஞ்சம் வச்சிருங்கண்ணே, மாசி மாசம் வந்து வாங்கிக்கிறேன்' என்ற ஒரு வாக்கியத்திலேயே பொறுப்பு பிறந்துவிடுகிறது. பொருளைக் கையில் கொடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. பெட்டகத்தின் சாவியைக் கொடுத்து, இனி இது உங்கள் பொறுப்பு என்றால், 149-ஆம் பிரிவின்படி பொருளையே கொடுத்ததாகும்.

இப்போது மூடிய வீட்டுக்கு வருவோம். முகப்புச் சாவி மட்டும் ஒருவரிடம், அறைச் சாவி உரியவரிடம் என்றால், அறைக்குள் இருக்கும் பொருளை அவரிடம் ஒப்படைத்ததாகச் சொல்வது கடினம் என்பது என் கருத்து. காளியபெருமாள் பிள்ளை வழக்கின் நியாயம் அங்கே வந்து நிற்கும். முகப்பைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போனால் அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். அறைக்குள் எத்தனை அண்டா இருந்தது என்ற கணக்குக்கு அவரை இழுக்க முடியாது. ஆனால் 'மழை ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அறைச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போனால் நிலைமை தலைகீழ். அன்று முதல் உள்ளே இருக்கும் அண்டாவுக்கும் குண்டாவுக்கும் அவர் பொறுப்பாளி. சாவியைக் கொடுப்பவரும் வாங்குபவரும் இந்த வேறுபாட்டை அறிவதே இல்லை. ஒரு சட்டப் பொறுப்பு கைமாறுகிறது. இருவரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏற்றுக்கொண்டபின் எவ்வளவு கவனம் வேண்டும்? 151-ஆம் பிரிவு ஒரே அளவுகோலைத் தருகிறது: சாதாரண விவேகமுள்ள ஒருவர், அதே சூழ்நிலையில், அதே வகையான, அதே மதிப்புள்ள தம் சொந்தப் பொருளை எப்படிக் காப்பாரோ அப்படி. வைரத்துக்கு வைரத்தின் கவனம், விறகுக்கு விறகின் கவனம். இங்கிலாந்தில் 1703-இல் காக்ஸ் எதிர் பெர்னார்டு என்ற வழக்கு நடந்தது. கூலி பேசாமல் பிராந்திப் பீப்பாய்களை இடம் மாற்றித் தர ஏற்றுக்கொண்டவர், கவனக்குறைவால் பீப்பாயைச் சேதப்படுத்தினார். கூலி வாங்காவிட்டாலும் பொறுப்பு உண்டு என்று தலைமை நீதிபதி ஹோல்ட் தீர்த்தார். ஆனால் யாருக்கு நன்மை என்பதைப் பொறுத்துக் கவனத்தின் அளவு கூடும் குறையும் என்று அவர் வகைபிரித்தார். நம் 1872-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் படிநிலைகளை எடுத்துக்கொள்ளவில்லை. 'சும்மாத்தானே பார்த்துக்கொண்டேன், ஒரு பைசா வாங்கவில்லையே' என்பது நம் நாட்டில் எதிர்வாதம் ஆகாது.

இது கூலியின்றிக் காப்பவருக்குக் கொடுமை போலத் தோன்றும். அவருக்கும் சட்டம் ஓர் உரிமை வைத்திருக்கிறது. அதை நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. கூலியின்றிக் காப்பவர் அந்தப் பொருளுக்காகச் செய்த தேவையான செலவைக் கொடுத்தவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது 158-ஆம் பிரிவு. கரையான் மருந்து அடித்தது, பூட்டு மாற்றியது, பெட்டியைத் தூக்கி வேறிடம் வைக்க ஆள்கூலி கொடுத்தது எல்லாம் இதில் வரும். ஊரில் இருக்கும் பங்காளி ஆண்டுக்கணக்கில் கைக்காசு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, வெளியூர்ப் பங்காளி கல்யாணத்துக்கு வந்து பாத்திரத்தில் களிம்பு ஏறிவிட்டது என்று குறை சொல்லும் காட்சியை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவரிடம் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

பொருள் தொலைந்தால் யார் மெய்ப்பிக்க வேண்டும்? இந்தத் தலைப்பில் மிகக் கூர்மையான கேள்வி இதுதான். கொடுத்தவர், கொடுத்தேன் என்பதையும் திரும்ப வரவில்லை என்பதையும் காட்டினால் போதும். எப்படித் தொலைந்தது, தாம் எவ்வளவு கவனமாக இருந்தோம் என்பதை விளக்கும் சுமை காத்தவர்மேல் விழுகிறது. காரணம் நியாயமானது: பொருள் இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பது அங்கே இருந்தவருக்குத்தானே தெரியும். மலாயாவில் நம்மவர்கள் இறங்கிய சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய கிள்ளான் துறைமுகம், இதே கேள்வியில் ஒரு வழக்கைத் தந்திருக்கிறது. துறைமுக ஆணையத்தின் காவலில் இருந்த மருந்துப் பெட்டிகள் காணாமல் போயின. வழக்கு பிரிவி கவுன்சில் வரை போயிற்று. கூலிக்குக் காத்தாலும் கூலியின்றிக் காத்தாலும், தம்மேல் தவறில்லை என்று காட்டும் பொறுப்பு காத்தவருடையதே என்று 1978-இல் தீர்ப்பு வந்தது. நம் உச்ச நீதிமன்றமும் 2019-இல் தாஜ்மகால் ஓட்டல் வழக்கில் இதே வழியில் நடந்தது. ஓட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருட்டுப் போயிற்று. 'உரிமையாளர் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சடித்திருந்தது ஓட்டலைக் காப்பாற்றவில்லை. செட்டிநாட்டு வீடுகள் பல இன்று விருந்தினர் தங்கும் ஓட்டல்களாகிவிட்டன. வாசலில் கார் சாவியை வாங்கும் பையனுக்கு இதைச் சொல்லி வைப்பது நல்லது.

அச்சடித்த சீட்டைப் பற்றி இன்னொன்று. 1966-ஆம் ஆண்டுத் திரட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் லில்லி ஒயிட் எதிர் முனுசாமி என்ற வழக்கு உண்டு. சலவைக்குப் போட்ட புதுச் சேலை தொலைந்தது. தொலைந்தால் விலையில் ஒரு பகுதி மட்டுமே தருவோம் என்று ரசீதில் அச்சிட்டிருந்தது. அந்த நிபந்தனையை நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்படி ஏற்றால், புதுத் துணியைத் தாமே வைத்துக்கொண்டு குறைந்த விலையைக் கொடுத்துவிட எந்தக் கடைக்கும் ஆசை வரும் அல்லவா?

இனி இரவல் நகை. இதில் சற்று நின்று பேச வேண்டும். கல்யாணத்தில் பெண் அணியும் தங்கக் கழுத்துரு எல்லா வீட்டிலும் இல்லை. இருக்கும் வீட்டிலிருந்து கல்யாணத்துக்கும் மணிவிழாச் சாந்திக்கும் இரவல் போவது உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 154-ஆம் பிரிவு இரவலுக்கு ஒரு கடுமையான விதி வைத்திருக்கிறது. எதற்காகக் கொடுத்தார்களோ அதைத் தாண்டிப் பயன்படுத்தினால், எவ்வளவு கவனமாக இருந்தாலும், தற்செயலாக நேரும் சேதத்துக்கும் வாங்கியவரே பொறுப்பு. சட்டமே குதிரையை எடுத்துக்காட்டாகத் தருகிறது. நீ மட்டும் ஏறு என்று கொடுத்த குதிரையில் தம் வீட்டார் ஒருவரை ஏற்றினார். அவரும் கவனமாகத்தான் ஓட்டினார். குதிரை தற்செயலாக விழுந்தது. இரவல் வாங்கியவர் நட்டஈடு தர வேண்டும். கழுத்துருவை ஒரு மகள் கல்யாணத்துக்கு என்று வாங்கி, அப்படியே அடுத்த மாதம் மைத்துனர் வீட்டு விசேஷத்துக்கும் போட்டு அனுப்பினால், வழியில் நடக்கும் எதற்கும் 'என் தவறில்லை' என்ற வாதம் நிற்காது. சொன்ன நாள் கடந்தும் திருப்பித் தராமல் வைத்திருந்தாலும் அப்படியே. காலம் குறித்துக் கொடுத்த பொருளை, கொடுத்தவர் கேட்காமலே கொண்டுபோய்த் தர வேண்டும் என்கிறது 160-ஆம் பிரிவு. 'அவுக கேக்கட்டும்னு இருந்தேன்' என்பது நம் ஊர்ப் பழக்கம். சட்டம் அதற்கு எதிர்ப்புறம் நிற்கிறது. தாமதமான அந்த நாட்களில் நகை தொலைந்தால் பழி முழுவதும் 161-ஆம் பிரிவின்படி வைத்திருந்தவர்மேல்.

பாத்திரங்களில் விலாசம் வெட்டி வைக்கும் நம் பெரியவர்களின் பழக்கத்தை இங்கே போற்ற வேண்டும். 156-ஆம் பிரிவில் சட்டம் தரும் எடுத்துக்காட்டு பருத்திப் பொதிகள்: ஒருவர் அடையாளமிட்டு ஒப்படைத்த 100 பொதிகளை, காத்தவர் வேறு அடையாளமுள்ள தம் பொதிகளோடு கலந்துவிட்டால், அந்த 100 பொதிகளையும் அப்படியே பெற உரியவருக்கு உரிமை உண்டு, பிரித்தெடுக்கும் செலவு காத்தவருடையது. அடையாளம் இருந்தால் இவ்வளவு எளிதாக முடிகிறது. கல்யாணத்தில் பத்து வீட்டுப் பாத்திரம் ஒன்றாகக் கிடந்தாலும் குடத்தின் கழுத்தில் வெட்டிய எழுத்துகள் உரிமையைச் சொல்லிவிடும். தங்கத்துக்கு அப்படி ஓர் எழுத்து கிடையாது. உருக்கினால் தடயமே இல்லை.

ஆகவே பெண்ணின் நகைக்கு வருகிறேன். இந்தப் பேச்சில் எனக்கு மிக முக்கியமான இடம் இது.

கல்யாணத்தில் பெண்ணுக்குத் தரும் சாமானைப் பரப்பி ஊரைக் கூட்டிக் காட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. பாத்திரம் எத்தனை, வெள்ளி எத்தனை என்று பட்டியலும் இருக்கும். அந்தப் பொருள் யாருடையது? பெண்ணுடையது. புகுந்த வீட்டின் பெட்டகத்தில் இருந்தாலும், மாமியார் கையில் இருந்தாலும், கணவர் பெயரிலுள்ள லாக்கரில் இருந்தாலும் பெண்ணுடையதே. பஞ்சாப் அரியானா உயர் நீதிமன்றம் 1982-இல் வேறு கருத்துக் கொண்டது. புகுந்த வீட்டுக்குள் வந்துவிட்டால் அது கூட்டுப் பொருள் போல ஆகிவிடுகிறது என்று பார்த்தது. உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் அதை மறுத்தது. நகையை வைத்திருக்கும் கணவரும் அவர் வீட்டாரும் அடைக்கலம் ஏற்றவர்கள். கேட்டபோது தராமல் தமதாக்கிக்கொண்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்றது. மூவர் அமர்வில் இருவரின் தீர்ப்பு அது. மாறுபட்ட கருத்து எழுதியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி ஏ. வரதராஜன். 1996-இல் ரஷ்மி குமார் வழக்கில் மற்றொரு மூவர் அமர்வு பிரதிபா ராணி தீர்ப்பை உறுதி செய்தது.

2024 ஏப்ரலில் வந்த மாயா கோபிநாதன் தீர்ப்பை ஒவ்வொரு பெண்ணைப் பெற்றவரும் படிக்க வேண்டும். கேரள வழக்கு. பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போட்டது 89 பவுன். கல்யாணத்தன்று இரவே கணவர் அத்தனையையும் வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று தம் தாயிடம் கொடுத்தார் என்பது அந்தப் பெண்ணின் வழக்கு. பிறகு நகைகள் அவர்கள் கடனுக்குப் போயின. குடும்ப நீதிமன்றம் பெண்ணின் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றம் சான்று போதாது என்றது. உச்ச நீதிமன்றம், புதிதாக மணமான பெண் முதல் நாளே கணவரிடம் ரசீது கேட்க முடியுமா என்ற நடைமுறை உண்மையைப் புரிந்துகொண்டு, 25 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. இக்கட்டு வந்தால் கணவர் மனைவியின் நகையைப் பயன்படுத்தலாம். ஆனால் அதைத் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்றும் சொன்னது. நீதி கிடைத்தது உண்மை. அது கிடைக்க 2003-இல் நடந்த கல்யாணத்திலிருந்து 2024 வரை ஆயிற்று என்பதும் உண்மை. ஒரு தாளில் நான்கு வரி இருந்திருந்தால் இந்த இருபது ஆண்டுகள் மிஞ்சியிருக்கும் என்று எனக்கு ஆதங்கம்.

வரதட்சிணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அதைத் தடை செய்யும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவைப் பலர் அறியார்: பெண்ணைத் தவிர வேறு எவர் கைக்கு அது வந்திருந்தாலும் 3 மாதத்துக்குள் பெண்ணிடம் சேர்க்க வேண்டும், அதுவரை பெண்ணுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும். மணமக்களுக்கு வரும் அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டு வைக்க வேண்டும் என்று 1985-இலேயே விதிகள் வந்துவிட்டன. குற்றவியல் பக்கத்தில், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 316-ஆம் பிரிவு நம்பிக்கை மோசடிக்கு 5 ஆண்டு வரை சிறை சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 3 ஆண்டு. நேர்மையற்ற எண்ணம் இருந்தால்தான் குற்றம். கவனக்குறைவால் தொலைத்தவர் உரிமையியல் வழக்குக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர்.

பணம் வேறு, பொருள் வேறு. செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் கடைகளில் மேல்பணம், ஆச்சிமார் பணம் என்று போட்டுவைத்த தொகைகளை அடைக்கலப் பொருள் என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. அப்படி ஆகாது. போட்ட அதே நாணயம் திரும்பி வருவதில்லை. பணம் கடைக்குச் சொந்தமாகிறது, கடை உங்களுக்குக் கடன்படுகிறது. கடை நொடித்தால் நீங்கள் கடன்காரர் வரிசையில் நிற்க வேண்டும். 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி விழுந்தபோது ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போனது இப்படித்தான். அந்த அடியிலிருந்துதான் அடுத்த ஆண்டு, நகரத்தார் துணையோடு, இந்தியன் வங்கி பிறந்தது. பூட்டிய பெட்டியாக ஒப்படைத்த நகை அப்படி அல்ல. காத்தவர் நொடித்தாலும் அது உங்களுடையதே. அடகு நகையும் அப்படியே. அடகுக்காரர் நகையின் காவலர். பணம் கட்டியதும் நகையைத் தர முடியாதவர் கடனுக்கும் தீர்ப்புப் பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் லல்லன் பிரசாத் வழக்கில் 1966-இல் சொல்லிவிட்டது. ஏலம் விடுமுன் நியாயமான அறிவிப்புத் தர வேண்டும். விற்கும் கணம் வரை மீட்கும் உரிமை உண்டு.

வங்கி லாக்கர், போட்டுவைத்த பணத்துக்கும் ஒப்படைத்த பொருளுக்கும் நடுவே நிற்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது. எனவே அடைக்கலம் அல்ல என்று பல தீர்ப்புகள். 2021 பிப்ரவரியில் அமிதாப தாஸ்குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சிக்கலை ஒதுக்கிவைத்து, லாக்கரைப் பாதுகாப்பது வங்கியின் தனிக் கடமை என்றது. அதன்பின் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, களவு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி இவற்றால் இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. 4,000 ரூபாய் வாடகை என்றால் 4 லட்சம். ஒரு கழுத்துருவின் மதிப்புக்கு இது எங்கே எட்டும்? தனியாகக் காப்பீடு செய்துகொள்ளுங்கள்.

காலக்கெடு பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1908-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில், ஒப்படைத்த பொருளையும் அடகுப் பொருளையும் மீட்க, ஒப்படைத்த நாளிலிருந்து 30 ஆண்டு இருந்தது. 1963-ஆம் ஆண்டுச் சட்டம் இதை 3 ஆண்டாக்கிவிட்டது. ஆனால் கேட்டு, தர மறுத்த நாளிலிருந்து அது எண்ணப்படும். கேட்காதவரை கடிகாரம் ஓடாது. 'அதெல்லாம் ஒண்ணும் இல்லை, போ' என்று ஒருவர் சொன்ன அன்று ஓடத் தொடங்குகிறது. நம் ஊரில் அன்றிலிருந்து என்ன நடக்கிறது? பெரியவர்களிடம் சொல்கிறோம். அடுத்த படைப்புக்குப் பேசலாம் என்கிறார்கள். ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வரவில்லை. அடுத்த ஆண்டு ஒரு துக்கம். 3 ஆண்டு போய்விடுகிறது. வழக்குப் போடும் உரிமையும் போய்விடுகிறது. சமாதானம் பேசுவதை நான் தடுக்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போகாமல் தீர்வது எப்போதும் மேல். ஆனால் கெடு முடியுமுன், 'உங்கள் பொருள் என்னிடம் இருக்கிறது' என்று ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். அந்த ஒப்புதல் நாளிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும்.

வீடுகளை இடிக்கும் காலம் இது. தேக்குத் தூணும் நிலையும் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. இதில் இரண்டு பொறிகள். பங்காளிகள் பலர் சேர்ந்து ஒருவரிடம் ஒப்படைத்த பொதுச் சாமானை, அவர்களில் யாரேனும் ஒருவர் கேட்டால் கொடுத்துவிடலாம், மற்றவர்கள் சம்மதம் தேவையில்லை என்கிறது 165-ஆம் பிரிவு. வேறு உடன்பாடு இல்லாதபோது. காவலாளி குற்றமற்றவராகிவிடுவார், சாமான் ஒரு பங்காளியோடு லாரியில் ஏறியிருக்கும். எல்லாரும் கையெழுத்திட்டால்தான் தர வேண்டும் என்று முன்னரே எழுதினால் மட்டுமே தப்பலாம். இரண்டாவது, சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோ பானை ஒன்று அகப்பட்டால் அது உடனே கண்டெடுத்தவருக்கும் சொந்தமாகாது, வீட்டுக்காரருக்கும் சொந்தமாகாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். உரிமை கோருபவர் இல்லை என்று விசாரணையில் முடிவானால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, இடத்துக்காரருக்கு ஒரு பங்கு. கடப்பாரை பிடித்த தொழிலாளிக்கு மூன்று பங்கு வரை உரிமை உண்டு என்பதை ஒப்பந்தக்காரர்கள் அவருக்குச் சொல்வதில்லை. இந்த மேடையிலிருந்தாவது சொல்லி வைக்கிறேன்.

நகரத்தார் கல்யாணத்தில், கல்யாண ஒப்பந்தமாகிய இசைகுடிமானம் எழுதாமல் காரியம் நடப்பதில்லை. அதே பலகையில், அதே பேனாவால் இன்னொரு தாள் எழுதலாம் என்பது என் வேண்டுகோள். பெண்ணின் நகை ஒவ்வொன்றும் பெயரோடும் எடையோடும், ஒரு புகைப்படத்தோடு. இன்று யார் காவலில் வைக்கப்படுகிறது என்பது. யார் கேட்டால், எத்தனை நாளில் தர வேண்டும் என்பது. இரு வீட்டார் கையொப்பம். ஒரு பிரதி பெண்ணிடம், ஒன்று அவளைப் பெற்றவர்களிடம், ஒன்று காவலில் வைப்பவரிடம். கூட்டு வீட்டின் சாவியைக் கொடுக்கும்போதும் இப்படியே: எந்தச் சாவி, எந்த அறை, உள்ளே இருப்பவற்றின் பட்டியல், ஆண்டுச் செலவை யார் ஏற்பது. கையெழுத்துப் போடுபவருக்கு வருத்தம் வருமே என்று கேட்பீர்கள். இந்தத் தாள் கொடுப்பவரைவிட வாங்குபவரைத்தான் அதிகம் காக்கிறது. நாளை 20 பவுன் கொடுத்தோம் என்பவரிடம் 12 பவுன்தான் வாங்கினேன் என்று காட்ட அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

மாதிரித் தாள் ஒன்றைத் தமிழில் எழுதிப் படி எடுத்து வாசலில் வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் எடுத்துச் செல்லலாம்.